பட்டினிக் காலத்தின் பாட்டுப் படங்கள்

ஹாலிவுட்டின் தொடக்ககாலப் பாட்டுப் படங்களைப் பற்றிப் பேச்செடுத்தால், சினிமாவை ஊன்றிப் பார்க்கிறவர்கள்கூட இரண்டு குறை சொல்வார்கள். கதை என்று அவற்றில் எதுவும் கிடையாது என்பது ஒன்று. அமெரிக்கா வேலையில்லாமல் தவித்த காலத்தில் ஜிகினாவைக் காட்டி மக்களை மயக்கிய படங்கள் அவை, அவற்றின் நாயகிகள் அலங்கரித்து நிறுத்திய பொம்மைகள் என்பது இன்னொன்று. முதல் குறையை அப்படியே ஒப்புக்கொள்ளலாம். ஒப்புக்கொண்டாலும் நஷ்டமில்லை. இந்தப் படங்களில் கதை என்பது கொடிக்கயிறு. பாட்டையும் ஆட்டத்தையும் தொங்கவிட ஏதாவது ஒன்று வேண்டுமே என்று கட்டியது. கயிற்றின் அழகைப் பார்க்க யாரும் போவதில்லை. இரண்டாவது குறைதான் நிதானமாகப் பேசிப் பார்க்க வேண்டியது. ஏனென்றால், அந்தப் படங்களைப் பார்க்காமலே சொல்லப்படுகிற குறை அது.

இப்போது பேசக் காரணமும் இருக்கிறது. அமெரிக்கச் சட்டப்படி 1929-இல் வெளியான படங்களின் 95 ஆண்டுக் காப்புரிமைக் காலம் முடிந்து, 2025 ஜனவரி 1 முதல் அங்கே அவற்றை யார் வேண்டுமானாலும் எடுத்துக் காட்டலாம் என்றாகிவிட்டது. 'தி பிராட்வே மெலடி', 'தி லவ் பரேட்' இரண்டும் அந்த ஆண்டுப் படங்கள். புதிதாகப் பார்க்கப் போகிறவர்கள் எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்து பார்ப்பது நல்லது.

1927 அக்டோபர் 6 அன்று வார்னர் பிரதர்ஸின் 'தி ஜாஸ் சிங்கர்' வெளியானது. பெரும்பகுதி அது மௌனப் படம்தான். அல் ஜோல்சன் பாடுகிற இடங்களிலும், பேசுகிற சில இடங்களிலும் மட்டும் படத்தோடு இணைந்து சுழன்ற இசைத்தட்டிலிருந்து குரல் வந்தது. அந்தச் சில நிமிடங்களே மௌனப் படத்தின் காலத்தை முடித்துவைத்தன. இரண்டே ஆண்டுகளில் எல்லா ஸ்டூடியோக்களும் பாட்டின் பின்னால் ஓடின.

ஆனால் 1929-ஆம் ஆண்டுப் படங்களை இன்று பார்க்கிறவருக்கு முதலில் வருவது அலுப்புதான். ஆட்கள் ஓரிடத்தில் கூடி நின்று பேசுகிறார்கள், பாடுகிறார்கள். கேமரா ஆணி அடித்தாற்போல நிற்கிறது. அதற்கு எடுத்தவர்களின் திறமைக்குறைவு காரணமில்லை. கேமரா ஓடுகிற இரைச்சல் மைக்கில் விழுந்துவிடும் என்பதால், கேமராவையும் அதை இயக்குபவரையும் சேர்த்து ஒலி வெளியேறாத ஒரு கூண்டுக்குள் அடைத்தார்கள். புழுக்கத்தில் வியர்த்து வடிந்தபடி, கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அவர் படம் எடுத்தார். இரையும் ஆர்க் விளக்குகளை எடுத்துவிட்டு பல்பு விளக்குகளைப் போட்டதில் சத்தம் போனது, சூடு ஏறியது. பாடுகிறவர் மைக்கை விட்டு இரண்டடி நகர முடியாது. கேமராவில் படாத ஓரத்தில் வாத்தியக் குழு முழுவதும் உட்கார்ந்து அந்த நேரத்திலேயே வாசித்தாக வேண்டும். ஒருவர் பிசகினால் எல்லோருக்கும் ரீடேக்.

இந்தக் கட்டை அவிழ்த்தது ஒரு சிக்கன யோசனை. 'தி பிராட்வே மெலடி'யில் ஒரு பெரிய நடனக் காட்சி தயாரிப்பாளர் இர்விங் தால்பெர்க்குக்குப் பிடிக்கவில்லை. மறுபடி எடுக்கச் சொன்னார். பாட்டு நன்றாகத்தானே பதிவாகியிருக்கிறது, வாத்தியக்காரர்களை ஏன் திரும்ப அழைக்க வேண்டும், பதிவான பாட்டை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு நடனத்தை மட்டும் எடுத்தால் போதுமே என்றார் ஒலிப்பதிவாளர் டக்ளஸ் ஷியரர். அப்படியே எடுத்தார்கள். செலவு குறைந்தது என்பதைவிடப் பெரிய விஷயம் அங்கே நடந்தது: மைக்கின் பிடியிலிருந்து கேமரா விடுபட்டது. பாட்டு முன்பே கையில் இருந்தால் கேமரா எங்கும் போகலாம், எவ்வளவு வேண்டுமானாலும் இரையலாம்; ஆடுகிறவர் மூச்சு வாங்கினாலும் குரல் கெடாது. நமக்கு 'பிளேபேக்' என்றால் ஒருவருக்காக இன்னொருவர் பாடுவது. அந்தச் சொல் முதலில் குறித்தது, பதிந்ததைத் திரும்ப ஓடவிடும் இந்த வேலையைத்தான். ஹாலிவுட்டில் இரவல் குரலும் இருந்ததுண்டு. ஆனால் நாம் இங்கே பேசுகிற நாயகிகள் பெரும்பாலும் தம் சொந்தக் குரலில் பாடியவர்கள்.

'தி பிராட்வே மெலடி' சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. எல்லோரும் அதைப் பார்த்து எடுத்தார்கள். 1930 முடிவதற்குள் ஜனங்களுக்குத் திகட்டிவிட்டது. இந்தப் படத்தில் பாட்டு இல்லை என்று விளம்பரம் செய்தால் கூட்டம் வரும் என்கிற நிலைமை. எடுத்து முடித்த படங்களிலிருந்தே பாட்டுகளை வெட்டி எறிந்துவிட்டு வெளியிட்டார்கள்.

அந்த வறண்ட இடைவெளியில் வந்த ஒரு படத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1932-இல் பாரமவுண்ட் வெளியிட்ட 'லவ் மீ டுநைட்'. இயக்கியவர் ரூபன் மமூலியன். பாரிஸில் ஒரு தையற்கடை. தையல்காரர் மொரிஸ் ஷெவாலியே, புது உடுப்பில் மாப்பிள்ளை போல நிற்கும் வாடிக்கையாளருக்காக ஒரு பாட்டை ஆரம்பிக்கிறார். வாடிக்கையாளர் அந்த மெட்டை முணுமுணுத்துக்கொண்டே தெருவில் இறங்குகிறார். அது ஒரு டாக்சி ஓட்டுநரின் வாய்க்குத் தாவுகிறது. வண்டியில் ஏறிய சவாரி ஓர் இசையமைப்பாளர், கேட்டதை எழுதிக்கொள்கிறார். அவர் ரயிலில் உட்கார்ந்து பாட, அதே பெட்டியில் இருக்கும் சிப்பாய்கள் பிடித்துக்கொள்கிறார்கள். பிறகு அவர்கள் அணிவகுத்து நடக்கும்போது அது நடைப் பாட்டாகிறது. வழியில் கேட்ட ஒரு ஜிப்சி இளைஞன் தன் கூட்டத்துக்கு ஓடி, நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் நடுவில் வயலினில் வாசிக்கிறான். அந்த வயலின் ஓசை இரவுக் காற்றில் மிதந்துபோய், ஒரு கோட்டையின் மாடத்தில் தனியாக நிற்கும் இளவரசியின் காதில் விழுகிறது. ஜானெட் மெக்டொனால்ட் பாட்டை முடித்துவைக்கிறார். தையல்காரரும் இளவரசியும் அதுவரை ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. பார்க்கிற நமக்கோ, இவர்கள் சேர்ந்தாக வேண்டும் என்பது ஐந்து நிமிடத்தில் தீர்மானமாகிவிடுகிறது. மூன்று வருடங்களுக்கு முன்னால் கூண்டுக்குள் அடைபட்டிருந்த கேமராவா இது என்று ஆச்சரியப்பட வைக்கும் இடம். கதை இல்லை என்று சொல்பவர்களுக்கும் இதையே காட்டுவேன். பாட்டே கதையை நகர்த்துகிறது, வசனத்தால் முடியாத வேகத்தில்.

ஜானெட் மெக்டொனால்டைப் பிற்காலத்தில் நெல்சன் எடியோடு சேர்ந்து உருகிப் பாடிய ஜோடிப் படங்களால்தான் பலருக்குத் தெரியும். 'தி லவ் பரேட்' தொடங்கி இந்தப் படம் வரை அவர் செய்த நகைச்சுவை அதைவிடப் பல படி மேல். பெரிய குரலை வைத்துக்கொண்டு தன்னையே லேசாகக் கேலி செய்துகொள்ளத் தெரிந்த நடிகைகள் அபூர்வம். 1934-இல் தணிக்கை விதிகள் இறுகிய பிறகு அந்தக் குறும்பு அவருக்கு அனுமதிக்கப்படவில்லை. 'லவ் மீ டுநைட்'டிலும் மறுவெளியீட்டின்போது சில பகுதிகளை வெட்டினார்கள். வெட்டியது திரும்பக் கிடைக்கவில்லை.

இனி, ஜிகினா காட்டி மயக்கினார்கள் என்ற குற்றச்சாட்டு. 1933 மார்ச் மாதத்தை எடுத்துக்கொள்வோம். வேலை செய்துகொண்டோ தேடிக்கொண்டோ இருந்த அமெரிக்கர்களில் நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. மார்ச் 4 அன்று ரூஸ்வெல்ட் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார். மார்ச் 6 அன்று நாட்டிலுள்ள எல்லா வங்கிகளையும் மூட உத்தரவிட்டார். அந்த வாரத்தில்தான் வார்னர் பிரதர்ஸின் 'ஃபார்ட்டி செகண்ட் ஸ்ட்ரீட்' நியூயார்க்கில் திரைக்கு வந்தது. படத்தை விளம்பரப்படுத்த நடிகர் நடிகைகளை ஏற்றிய தனி ரயில் ஒன்றை ஹாலிவுட்டிலிருந்து விட்டார்கள். அது பதவியேற்பு விழாவுக்காக வாஷிங்டனில் நின்று போனது.

அந்தப் படம் காட்டுவது என்ன? ஒரு மேடை நிகழ்ச்சிக்கான ஒத்திகை. பங்குச் சந்தைச் சரிவில் பணத்தைத் தொலைத்த, உடம்பும் கெட்டுப்போன இயக்குநர். வேலை கேட்டு வரிசையில் நின்று, பாவாடையைத் தூக்கிக் காலைக் காட்டச் சொன்னால் காட்டியாக வேண்டிய குரூப் டான்ஸர் பெண்கள். ஐந்து வாரம் இரவு பகலாக வேலை. களைத்து விழுகிற உடல்கள். நாயகிக்குக் கணுக்கால் முறிந்துவிட, கூட்டத்தில் ஒருத்தியாக ஆடிக்கொண்டிருந்த புதுப்பெண் அந்த இடத்துக்கு ஏறி வெற்றி பெறுகிறாள் என்பது எல்லோருக்கும் தெரிந்த முடிவு. ஆனால் படம் அங்கே முடியவில்லை. கடைசிக் காட்சியில் அந்த இயக்குநர் அரங்கத்தின் பக்கத்துச் சந்தில், இரும்புப் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். வெளியே வருகிறவர்கள் எல்லாப் பெருமையும் அந்தப் பெண்ணுக்குத்தான், இயக்குநர் என்ன செய்துவிட்டார் என்று பேசிக்கொண்டு போகிறார்கள். அதைக் கேட்டுக்கொண்டு அவர் அசையாமல் இருக்கிறார். கனவு விற்ற படம் இப்படியா முடியும்?

அதே ஆண்டு மே மாதம் வந்த 'கோல்ட் டிக்கர்ஸ் ஆஃப் 1933' இன்னும் வெளிப்படை. முதல் காட்சியே ஒரு பாட்டு: உடம்பெல்லாம் நாணயம் கோர்த்த உடையில் ஜிஞ்சர் ரோஜர்ஸ், பஞ்சம் தீர்ந்தது, கையில் காசு வந்தது என்ற பொருளில் பாடுகிறார். பாட்டு முடிவதற்குள் கடன்காரருக்காக ஜப்தி செய்ய ஆட்கள் வந்துவிடுகிறார்கள். திரைச்சீலையை இழுக்கிறார்கள், பெண்கள் போட்டிருக்கும் உடைகளையே பறிக்கிறார்கள். வேலை போன மூன்று பெண்கள் ஒரே அறையில் முடங்குகிறார்கள். பக்கத்து வீட்டு ஜன்னல் விளிம்பில் வைத்த பால் பாட்டிலை இடுக்கியால் எட்டி எடுத்துக் காலைப் பசியைத் தீர்க்கிறாள் ஒருத்தி. இதையெல்லாம் மறந்துவிட்டுத்தான் படம் கல்யாணத்தில் முடியப்போகிறது என்று நினைக்கும்போது, கடைசியில் வருகிறது போர்வீரர்களைப் பற்றிய பாட்டு. முதல் உலகப் போரில் சண்டையிட்டுத் திரும்பிய ஆயிரக்கணக்கானோர், தங்களுக்கு வாக்களிக்கப்பட்ட ஊக்கத்தொகையை முன்கூட்டியே கேட்டு வாஷிங்டனில் குடிசை போட்டுத் தங்கியிருந்தார்கள். 1932 ஜூலையில் ராணுவமே அவர்களைக் கண்ணீர்ப்புகை வீசி விரட்டியது. அது நடந்து ஓராண்டுகூட ஆகாத நேரம். மழையில் அணிவகுத்துப் போகும் சிப்பாய்கள், ரத்தக் கட்டோடு திரும்பும் சிப்பாய்கள், பிறகு இலவசச் சாப்பாட்டு வரிசையில் நிற்கும் அதே ஆட்கள். தெருவிளக்கின் அடியில் ஜோன் பிளாண்டெல் நின்று அவர்களுக்காகப் பேசுகிறார், பாடுகிறார். படம் அந்தப் பாட்டோடு முடிந்துவிடுகிறது. பார்த்தவர்கள் எதை மறந்திருக்க முடியும்?

இந்த நடனங்களை அமைத்தவர் பஸ்பி பெர்க்லி. முதல் உலகப் போரில் ராணுவத்தில் இருந்தபோது சிப்பாய்களின் அணிவகுப்புகளை அமைத்தவர். அந்த அனுபவம் படங்களில் அப்படியே தெரிகிறது. டாப் ஆங்கிளில் கேமராவை ஏற்றி, பெண்களைப் பூவாக, சக்கரமாக, விரிந்து சுருங்கும் கோலமாக ஆக்கினார். 'கோல்ட் டிக்கர்ஸ்' படப்பிடிப்பில், நியான் விளக்குப் பொருத்திய வயலின்களைக் கையில் ஏந்திப் பெண்கள் உயரமான மேடைகளில் நின்ற காட்சியை எடுத்துக்கொண்டிருந்தபோது, 1933 மார்ச் 10 மாலை லாங் பீச் நிலநடுக்கம் வந்தது. விளக்குகள் அணைந்தன. இருட்டில் யாரும் நகராதீர்கள், அப்படியே உட்காருங்கள் என்று கத்தி அவர்களைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. அந்தக் கோலத்தின் ஒவ்வொரு புள்ளியும், மின்கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு உயரத்தில் நின்ற ஒரு பெண் என்பதை இந்தச் சம்பவம் நினைவுபடுத்தும். பெண்களை எந்திர உறுப்புகளாக்கினார் என்று பெர்க்லியின் மீது சொல்லப்படும் குறையை நான் முழுக்க மறுக்க மாட்டேன். கோலமாகப் பார்த்து முடித்ததும் வரிசையில் ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு குளோசப் கொடுப்பது அவருடைய வழக்கம் என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். பெயர் தெரியாத அந்த முகங்கள் சிரிக்கின்றன. வாரச் சம்பளம் நிச்சயமாகக் கிடைத்த முகங்கள்.

'ஃபார்ட்டி செகண்ட் ஸ்ட்ரீட்'டின் புதுப்பெண் ரூபி கீலர். அவரைப் பெரிய நடிகை என்று யாரும் சொன்னதில்லை, குரலும் சாதாரணம். தலைப்புப் பாட்டில் அவர் டேப் ஆடுவதைக் கவனியுங்கள். ஆடும்போது குனிந்து தன் கால்களையே பார்க்கிறார். கைகளை அப்படியும் இப்படியும் வீசுகிறார், கால் தட்டுவது கனமாக விழுகிறது. கேமரா பின்வாங்கும்போது தெரிகிறது, ஒரு டாக்சியின் கூரை மேல் நின்று ஆடிக்கொண்டிருக்கிறார் என்று. ஒரு பெரிய நடனக்காரி அந்த இடத்தில் ஆடியிருந்தால் காட்சி சப்பென்று போயிருக்கும். நேற்றுவரை பின்வரிசையில் ஆடிய பெண் அடி தப்பிவிடக் கூடாதே என்று கால்களைப் பார்ப்பதும், தப்பவில்லை என்று தெரிந்ததும் நிமிர்ந்து சிரிப்பதும்தான் அங்கே கவர்ச்சி. வேலை கிடைத்துவிட்ட சிரிப்பு அது. 1933-இல் கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தச் சிரிப்பின் விலை தெரியும்.

கவர்ச்சி என்ற சொல்லை நாம் உடம்போடு மட்டும் சேர்த்துவைத்துப் பழகிவிட்டோம். அங்கே அது ஒரு பட்டறை வேலை. தையல்காரர்கள் 'கிராஸ் கட்' என்று சொல்கிறார்களே, துணியின் நெய்த இழைக்குக் குறுக்காகச் சாய்த்து வெட்டுவது, அப்படி வெட்டிய ஸாட்டின் உடம்போடு ஒட்டி வழியும். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் கிடையாது, மினுக்கம்தான் நிறம். ஸாட்டின் விளக்கை வாங்கித் திருப்பி வீசும். நடிகை ஓர் அடி எடுத்துவைத்தால் உடை முழுக்க வெளிச்சம் ஓடும். வார்னரில் ஓரி-கெல்லி, எம்ஜிஎம்மில் ஏட்ரியன், பாரமவுண்டில் டிராவிஸ் பான்ட்டன் என்று ஒவ்வொரு ஸ்டூடியோவுக்கும் உடை வடிவமைப்பாளர் இருந்தார்கள். கேமரா லென்ஸின் முன்னால் மெல்லிய வலைத்துணி கட்டி முகத்தை மென்மையாக்கினார்கள். பேரழகிகளைக் கண்டுபிடித்தார்கள் என்பதைவிட, சாதாரணக் குடும்பத்துப் பெண்களைக் கொண்டு ஒரு தொழிற்சாலையே பேரழகைத் தயாரித்தது என்பது சரி. அந்தத் தொழிற்சாலையில் மிகக் கடுமையாக உழைத்த தொழிலாளி அந்தப் பெண்தான்.

ஜிஞ்சர் ரோஜர்ஸின் வாழ்க்கை இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. 1911-இல் மிஸௌரி மாநிலத்தில் பிறந்தவர்; சார்ல்ஸ்டன் நடனப் போட்டியில் வென்று மேடைக்கு வந்தார். 1933-இல் மேலே சொன்ன இரண்டு வார்னர் படங்களிலும் துணைப் பாத்திரங்களில் இருந்தார். அந்த ஆண்டின் கடைசியில் ஆர்.கே.ஓ. நிறுவனத்தின் 'ஃப்ளையிங் டவுன் டு ரியோ'வில் ஃப்ரெட் அஸ்டேரோடு ஜோடி சேர்ந்தார். இருவரும் சேர்ந்து மொத்தம் 10 படங்கள்.

1935-இல் வந்த 'டாப் ஹாட்' படத்தின் புகழ்பெற்ற ஜோடி நடனத்துக்கு அவர் அணிந்தது நெருப்புக்கோழி இறகுகள் தைத்த வெளிர் நீல உடை. படத்தில் வெள்ளையாகத் தெரியும். படப்பிடிப்பில் ஆட ஆட இறகுகள் உதிர்ந்து பறந்தன. அஸ்டேரின் கண்ணிலும் மூக்கிலும் ஒட்டின. எரிச்சலடைந்த அவர் அந்த உடையே வேண்டாம் என்றார். ரோஜர்ஸ் விட்டுக்கொடுக்கவில்லை, திரையில் அந்த உடை எப்படி அசையும் என்பது அவருக்குத் தெரியும். இன்றைக்கும் அந்தக் காட்சியில் ஓரிரு இறகுகள் பிரிந்து மிதந்து போவதைப் பார்க்கலாம். அவர் சொன்னது சரி என்பதும் பார்த்தால் தெரியும்: சுழற்சி நின்ற பிறகும் உடை ஒரு நொடி தாமதித்துத்தான் அடங்குகிறது, பெருமூச்சு அடங்குவது போல. பின்னர் சமாதானமாக அஸ்டேர் அவருக்குத் தங்கத்தில் ஓர் இறகு செய்து கொடுத்தார்.

அடுத்த ஆண்டு 'ஸ்விங் டைம்'. பிரிவதற்கு முன் கடைசியாக ஆடும் நடனம். இரண்டு பக்கமும் வளைந்து ஏறும் படிக்கட்டுகள், மேலே சிறு தளம். தன்னை வெட்டி வெட்டிக் காட்டக் கூடாது, தலை முதல் பாதம் வரை முழு உருவமும் தெரிய வேண்டும் என்பது அஸ்டேரின் கண்டிப்பு. அதனால் ஒரு சிறு பிசகு வந்தாலும் ஆரம்பத்திலிருந்து எடுக்க வேண்டும். 47 முறை எடுத்தார்கள் என்பது படக்குழுவினர் பின்னாளில் சொன்ன கணக்கு. ரோஜர்ஸின் காலிலிருந்து ரத்தம் கசிந்து காலணி நனைந்திருந்தது. திரையில் அதன் சுவடே கிடையாது.

அஸ்டேர் செய்ததையெல்லாம் அவரும் செய்தார், அதுவும் பின்னோக்கி, உயர்ந்த குதிகால் காலணியில் என்ற ஒரு பிரபலமான வாசகம் உண்டு. 1982-இல் ஒரு கேலிச்சித்திரத்தில் வந்தது. நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனாலும் அது அவருடைய கஷ்டத்தை மட்டுமே எண்ணிப் பார்க்கிறது. ரோஜர்ஸைவிடச் சுத்தமாக ஆடக்கூடிய பெண்கள் இருந்தார்கள். எலினார் பவல் அவர்களில் ஒருவர். ரோஜர்ஸின் டேப் ஓசையையே பெரும்பாலும் நடன உதவியாளர் ஹெர்மிஸ் பான்தான் பிறகு ஆடிப் பதிந்தார். இருந்தும் அஸ்டேரின் ஜோடி என்றால் ரோஜர்ஸ்தான். காரணம், அவர் ஆடும்போது நடிப்பை நிறுத்துவதில்லை. அஸ்டேர் பாடுகிறபோது அவர் கேட்கிறார். கேட்டது முகத்தில் மெல்ல இறங்குகிறது. வேண்டாம் என்று விலகும் தோளும், சரி என்று இளகும் முதுகும் அவருடையவை. ஒரு பெண் மனம் மாறுவதை வசனமே இல்லாமல் நான்கு நிமிடத்தில் பார்க்கிறோம். அவரைப் பொம்மை என்று சொல்பவர்கள் காலை மட்டும் பார்த்துவிட்டு முகத்தைப் பார்க்காதவர்கள்.

இந்த வெளிச்சம் எல்லோர் மீதும் விழவில்லை என்பதையும் சொல்லாமல் விடக் கூடாது. 'கோல்ட் டிக்கர்ஸ்' படத்தின் போர்வீரர் பாட்டில், ஒரு வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு கறுப்பினப் பெண் பாடுகிறார். அந்தப் பாட்டின் மிகச் சிறந்த குரல் அதுதான். அவர் எட்டா மோட்டன். படத்தின் பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. 1934 ஜனவரியில் அவரை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பாடச் சொன்னார் ரூஸ்வெல்ட். ஹாலிவுட் அவருக்கு நாயகி வேடம் தரவில்லை. 1929-இல் கிங் விடோரின் 'ஹாலலூயா'வில் பாடி ஆடி எல்லோரையும் அசத்திய நினா மே மெக்கின்னி எம்ஜிஎம்மில் ஒப்பந்தமானார். அவருக்கேற்ற வேடத்தை எழுத அங்கே யாரும் முன்வரவில்லை. கறுப்பின நாயகி நடித்தால் தெற்கு மாநிலக் கொட்டகைகள் படம் வாங்காது என்ற கணக்கே முன்னால் நின்றது. இந்தப் படங்களை நேசிக்கிறவர்கள் இந்த இரண்டு பெயர்களையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். காலவரிசைப்படி 'தி பிராட்வே மெலடி'யிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், அலுத்துப்போய் விட்டுவிடுவீர்கள். 'லவ் மீ டுநைட்'டில் தொடங்குங்கள், பிறகு 1933-இன் இரண்டு வார்னர் படங்கள். 'ஸ்விங் டைம்' நடனத்தை இரண்டு முறை பாருங்கள். முதல் முறை உங்கள் கண் தானாகவே அஸ்டேரின் கால்களைத் தேடிப் போகும், போகட்டும். இரண்டாம் முறை ஜிஞ்சர் ரோஜர்ஸின் முகத்தை விட்டுப் பார்வையை எடுக்காதீர்கள்.